மடல் இழுக்கும் குழாய்: ஒரு சின்ன சரித்திரம்

மின்னஞ்சல் பெட்டி ஒன்றையும் தேடல் தளம் ஒன்றையும் இணைக்கிற மென்பொருளுக்கு எங்க தொழிலில் கனெக்டர்னு பேரு. தமிழில் இணைப்பான்னு சொல்லலாம். கேட்டால் பிளம்பர் கடைச் சாமான் மாதிரி இருக்கும். வேலையும் ஏறக்குறைய அதேதான். இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி, நடுவில் குழாய். புதுசா மடல் வந்தால் இங்கிருந்து அங்கே போகணும், அங்கே போனதும் தேடினால் கிடைக்கணும். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் இதை அமைக்க நாலு கட்டத்தை நிரப்பினால் போதும். எந்தக் கணக்கு, எந்த அனுமதி, எந்தக் கோப்புறைகள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை. சேமி பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கிற எனக்கு கடந்த சில வருடங்களாகச் சோறு போடுவது இந்த நாலு கட்டம்தான். ஆனால் இதே குழாயை ஆபீஸுக்கு இல்லாமல் எங்க வீட்டுக்காக, அப்பா எழுதிய மடல்களுக்காகப் போட்டபோதுதான் இதற்குப் பின்னால் எத்தனை வருடத்துச் சமாசாரம் கிடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

1971-லிருந்து ஆரம்பிக்கணும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிபிஎன் என்கிற நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்று ஒரு பொறியாளர். ஒரே கணினியைப் பலர் பங்கு போட்டுக்கொண்டு உபயோகித்த காலம். அந்தக் கணினிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி விட்டுச் செல்ல ஒரு நிரல் இருந்தது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஆர்ப்பாநெட் வழியாக அனுப்ப வேறொரு நிரலும் இருந்தது. இவர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை. முதல் மடல் போன இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவை. ஆளையும் கணினியையும் பிரிக்க அட் குறியை வைத்தவரும் இவர்தான். அந்த முதல் மடலில் என்ன எழுதினார் என்று கேட்டபோதெல்லாம், ஞாபகமில்லை, விசைப்பலகையில் விரல் போன போக்கில் ஏதோ தட்டியிருப்பேன் என்றுதான் சொன்னார். 2016-ல் காலமானார்.

அந்த ஆரம்பத்திலேயே ஒரு பிரச்சினை தலை தூக்கிவிட்டது. மடல் வந்தால் எல்லாம் ஒரே நீளக் கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றை மட்டும் படிக்கவோ கிழிக்கவோ வழியில்லை. 1972-ல் லாரி ராபர்ட்ஸ் (ஆர்ப்பாநெட் திட்டத்தை நடத்தியவர்) பட்டியல் காட்டவும், வேண்டியதைத் தேர்ந்து படிக்கவும், எடுத்து வைக்கவும் ஒரு நிரல் எழுதினார். மறு வருடம், 1973 செப்டம்பரில், மடலின் தலையில் அனுப்பியவர், தேதி, பொருள் என்று வரிசையாக எழுதணும் என்று ஓர் ஆவணம் வந்தது. 1982-ல் அது ஒழுங்கான தரமாகவே ஆனது. இன்றைக்கு என் கனெக்டர் ஒரு மடலைப் பிரித்துப் போடும்போது முதலில் தேடுவது இந்தத் தலைப்பு வரிகளைத்தான். அரை நூற்றாண்டாக அந்த வரிகளின் அமைப்பு அப்படியே இருக்கிறது. நம்ம தொழிலில் இப்படி நிலைத்த பொருட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அடுத்தது, மடலை எங்கே வைத்துக்கொள்வது என்கிற கேள்வி. இதில்தான் இரண்டு கட்சி.

முதல் கட்சியின் பேரே போஸ்ட் ஆபீஸ். 1984 அக்டோபரில் வந்த பாப் நெறிமுறையின் விரிவாக்கத்தில் தபால் நிலையம் என்றே இருக்கிறது. கடிதம் தபால் நிலையத்தில் காத்திருக்கும், நீங்க போய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடணும். வாங்கிய பிறகு அங்கே ஒன்றும் இருக்காது. தொலைபேசி இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு எரிந்த காலத்துக்கு இது ரொம்பப் பொருத்தம். இணைத்தோமா, வாங்கினோமா, துண்டித்தோமா, பிறகு சாவகாசமாகப் படித்தோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது கட்சிக்குத் தலைவர் மார்க் கிறிஸ்பின். 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது ஐமேப்பை எழுதினார். மடல் எப்போதும் வழங்கியிலேயே இருக்கட்டும், நாம் எந்தக் கணினியிலிருந்து வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்பது அவர் கட்சி. அன்றைக்கு இது ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். இன்றைக்கு கைப்பேசியில் ஒன்று, ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மூன்று பொட்டியில் ஒரே மடலைப் பார்க்கிறோமே, அது அவர் பார்வைதான். 2012 டிசம்பரில் இறந்துபோனார். நம்ம பக்கம் அவர் பேர் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்கு வாங்கியவர்கள் மடல் படித்தது பைன் என்ற நிரலில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த நிரல் அது. அதன் அடிவயிற்றில் ஓடியது அதே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த கிறிஸ்பினின் நிரல்தொகுப்பு. மோடம் கத்தலுக்கு நடுவில் அந்தத் திரையை வெறித்துப் பார்த்த தலைமுறைக்கு அவர் முகம் தெரியாத உறவினர்.

கனெக்டர் எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு கட்சிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே விஷயத்தில் வந்து நிற்கும். எண். குழாய்க்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது போன தடவை எதுவரைக்கும் இழுத்தோம் என்பது. இது தெரியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து இழுக்கணும், இல்லாவிட்டால் நடுவில் கொஞ்சம் விட்டுப்போகும். சாதாரண வரிசை எண் என்பது ரேஷன் கடை டோக்கன் மாதிரி. முன்னால் ஒருத்தர் விலகிப் போனால் எல்லார் எண்ணும் மாறும். பத்தாவது மடலை அழித்தால் பதினொன்றாவது பத்தாவதாகிவிடும். 1994 டிசம்பரில் வந்த ஐமேப் நாலாம் பதிப்பு ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாள எண் கொடுத்தது. பதிவுத் தபால் எண் மாதிரி ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை கொடுத்ததை இன்னொரு மடலுக்குக் கொடுக்காது. அதோடு கோப்புறைக்கு ஒரு செல்லுபடி எண்ணும் உண்டு. வழங்கியில் ஏதாவது கலாட்டா ஆகி எண்களைப் புதுசாகப் போட வேண்டி வந்தால் இந்தச் செல்லுபடி எண் மாறும். மாறிவிட்டதா? கையில் உள்ள கணக்கெல்லாம் குப்பை, முதலிலிருந்து இழு என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் எழுதின கனெக்டர்கள் ஒரே மடலை நாலு தடவை காட்டும், அல்லது அமைதியாகப் பாதியை விழுங்கிவிடும். இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள்.

அழித்த மடல்களை எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொரு தலைவலி. புதுசாக வந்ததைக் கேட்பது சுலபம். இல்லாமல் போனதை யாரிடம் கேட்பது? நான் வைத்திருந்ததும் நீ வைத்திருப்பதும் ஒன்றா என்று பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கணும். மாற்றங்களை மட்டும் கேட்டு வாங்க ஐமேப்புக்கு நீட்சிகள் வந்தது 2006-லும் 2008-லும்தான். 2014-ல் ஜிமெயில் தனக்கென்று ஒரு வாசல் திறந்தபோது, இந்தப் புள்ளிக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லும் வரலாற்று எண்ணையும் சேர்த்துக் கொடுத்தது. அதுவும் ரொம்பப் பழசானால் செல்லாது, மறுபடி முழுசா இழு என்று சொல்லிவிடும். பேரைப் பாருங்க, வரலாற்று எண்!

கடவுச்சொல் சமாசாரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கனெக்டருக்கு உங்க கடவுச்சொல்லையே கொடுப்பீங்க. வீட்டுச் சாவியை பிளம்பரிடம் கொடுக்கிற மாதிரி. இப்போது படிக்க மட்டும் என்று எழுதிய, வேண்டும்போது ரத்து செய்யக்கூடிய ஒரு சீட்டுதான் கொடுப்பது. 2022 மே மாதக் கடைசியில் கூகிள் தனிநபர் கணக்குகளிலும், அதே வருடம் அக்டோபர் 1-லிருந்து மைக்ரோசாஃப்ட் தன் நிறுவன மடல் சேவையிலும் பழைய முறையை மூட ஆரம்பித்தன. அந்த வருடம் எங்க மாதிரி ஆட்களுக்குத் தீபாவளி இல்லை.

சரி, குழாயின் இந்த முனை போதும். அந்த முனைக்குப் போவோம்.

தேடல் என்பது எல்லா மடலையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது இல்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அதே யுக்திதான். மடல் உள்ளே வரும்போதே சொற்களாக உடைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் மடல் எண்ணை எழுதி வைத்துவிடுவார்கள். எல்லா மடலிலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வருவதற்கு மதிப்பு அதிகம் என்கிற கணக்கை 1972-ல் எழுதியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்கிற ஆங்கிலேயப் பெண்மணி. இன்று வரை எல்லா தேடுபொறியும் ஏதோ ஒரு வடிவத்தில் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

அதை எல்லார் கைக்கும் கொண்டு வந்தது லூசீன். டக் கட்டிங் 1997-ல் எழுத ஆரம்பித்து, 2000-ல் இலவசமாக வெளியிட்டு, 2001-ல் அப்பாச்சி குடும்பத்தில் சேர்த்தது. லூசீன் என்பது அவர் மனைவியின் நடுப்பேர். அதன் மேல் கட்டியது எலாஸ்டிக்சர்ச். ஷாய் பேனன் என்பவர் லண்டனில் மனைவி சமையல் கலை படிக்கும்போது அவருக்குச் சமையல் குறிப்புகளைத் தேட ஒன்று செய்து தருகிறேன் என்று ஆரம்பித்து, அது வளர்ந்து 2010 பிப்ரவரியில் எலாஸ்டிக்சர்ச்சாக வெளிவந்தது. மனைவிக்கு அந்தச் சமையல் குறிப்புத் தேடல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்று அவர்கள் தரப்பிலேயே கேலி செய்வதுண்டு. (எங்க வீட்டு அம்மணியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவங்க ஒன்றும் சொல்லலை, பாத்ரூம் குழாயைக் காட்டினாங்க.)

பொதுஜனத்துக்கு மடலில் தேடலாம் என்று பழக்கியது ஜிமெயில். 2004 ஏப்ரல் 1 அன்று அறிவித்தபோது நிறைய பேர் முட்டாள்தினக் கிண்டல் என்று நினைத்தார்கள். ஹாட்மெயிலில் 2 எம்பி இடம் இருந்த காலத்தில் 1 ஜிபி! கோப்புறை போட்டு அடுக்காதே, தேடிக்கொள் என்பதுதான் அதன் பேச்சு. அதற்கு முன் இடம் போதாமல் வாரம் ஒருமுறை மடல்களை அழித்துக்கொண்டிருந்த நமக்கு, எதையும் அழிக்க வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னதே பெரிய விஷயம். 2004-க்கு முன்னால் உள்ள குடும்ப மடல்கள் பல வீடுகளில் ஏன் இல்லை என்பதற்குப் பாதி காரணம் அந்த 2 எம்பி. மீதிப் பாதி நம்ம முதல் கட்சி. பாப் மூலம் இறங்கியதெல்லாம் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புகளாக ஏதோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது. அந்த ஹார்ட் டிஸ்க் பரணில்.

இனி வீட்டுக் கதை. எங்க அப்பா தபால் துறையில் 34 வருடம் இருந்து 1998-ல் ஓய்வு பெற்றவர். மாயவரம் பக்கம். நாங்க மூணு பேர்: அக்கா டெல்லி, நான் புனே, தம்பி மஸ்கட். அப்பா முதலில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அரைமணிக்குக் காசு கொடுத்து எழுதினார். பிறகு 2001-ல் வீட்டுக்கே ஒரு கணினி வாங்கிப் போட்டோம். முரசு அஞ்சலைப் பதிந்து கொடுத்தவன் தம்பி. அப்பா தமிழில்தான் எழுதுவேன் என்றார். 2011-ல் அவர் போகும் வரை வாரம் இரண்டு மடல், மூணு பேருக்கும் ஒரே பிரதி. வயல், மழை, யார் வீட்டுக் கல்யாணம், எந்தத் தெருவில் எந்த மரம் விழுந்தது எல்லாம் இருக்கும். முடிவில் தேதியும் நேரமும், முத்திரை குத்துகிற மாதிரி.

போன வருடம் பாட்டன் வழி நிலத்தில் ஒரு பாகம் யார் பேரில் என்று பங்காளிகளுக்குள் பேச்சு வந்தது. அக்கா போன் பண்ணி, "டேய், அப்பா பத்திர ஆபீஸுக்குப் போய் அலைஞ்சு, அந்தப் பத்திர நம்பரெல்லாம் மடல்ல எழுதியிருந்தாருடா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். எந்த வருடம் என்று தெரியாது. ஊர் வீட்டில் காகிதம் எதுவும் இல்லை, ஒரு மழைக்காலத்தில் பெட்டியோடு போயிற்று. ஆக, தேடணும். வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் லினக்ஸைப் போட்டு, எலாஸ்டிக்சர்ச்சை ஏற்றி, அக்கா கணக்கு ஒன்று, என் கணக்கு ஒன்று என்று கனெக்டரை இணைத்தேன். அக்கா ஆரம்பத்திலிருந்தே எதையும் அழிக்காத ஜாதி. ஒரு ராத்திரியில் பத்தொன்பதாயிரம் மடல் உள்ளே வந்தது. பட்டா என்று அடித்தேன். ஒன்றுகூட இல்லை.

மடல் இருந்தது, தேதி இருந்தது, அப்பா பேர் இருந்தது. உள்ளே இருந்தது தமிழ் இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள வரலாறு நம்ம மக்களுடையது. மடல் நெறிமுறைகள் ஆரம்பத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டும் நினைத்துச் செய்தவை, எழுத்துக்கு ஏழு பிட். மற்ற மொழிகளும் படமும் இணைப்பும் போக வழி செய்தது மைம் என்கிற தரம். நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் எழுதி 1992 ஜூனில் வந்தது. போரன்ஸ்டைன் அந்த மார்ச்சிலேயே தன் பாட்டுக் குழுவின் படத்தை இணைப்பாக அனுப்பிக் காட்டினார். மைம்படி ஒவ்வொரு மடலும் தான் எந்த எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று தலையில் சொல்லணும். தமிழ் என்ன சொல்லும்? யூனிகோடு அட்டவணையில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது, ஆனால் விண்டோஸில் அதற்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000-ல். அதுவரை சும்மா இருக்க முடியுமா? வெளிநாட்டுத் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. மேற்கத்திய அட்டவணையின் மேல்பாதியில் உள்ள இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்கள் செய்தார்கள். ஆளுக்கொன்று. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிய அதே எழுத்துரு வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மடலாடற்குழுவில் மாதக்கணக்கில் வாதம் செய்து உருவாக்கியதுதான் டிஸ்கி. மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்து மதுரைத் திட்டத்தை நடத்திய கல்யாணசுந்தரம் போன்றவர்கள் அதில் உழைத்தவர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் என்று வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. பத்திரிகைகள் தங்கள் தளங்களில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டன. எல்லாம் சேர்ந்து நாலாபக்கமும் இழுத்தது. டிஸ்கி உலகக் குறியாக்கப் பதிவேட்டில் ஏறியது 2007-ல். அதற்குள் எல்லாரும் யூனிகோடுக்குப் போயாச்சு.

ஆக, அப்பா எழுதிய காலத்தில் டிஸ்கி மடல் தன்னை டிஸ்கி என்று சொல்லிக்கொள்ள முடியாது. நான் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று வேஷம் போட்டுக்கொண்டு போகும். படிப்பவர் இணைமதி மாதிரி ஒரு எழுத்துருவை வைத்திருந்தால் தமிழாகத் தெரியும். கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு ஐரோப்பா. அந்த வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ட இருக்கிற இடத்தில் கால் என்கிற பின்னக் குறி, ண அரை, த முக்கால். ந என்பது தலைகீழ்க் கேள்விக்குறி. துணைக்கால் தலைகீழ் ஆச்சரியக்குறி. தமிழ் என்கிற சொல் முக்காலில் ஆரம்பிக்கும், நண்பன் தலைகீழ்க் கேள்வியாக வருவான். என் கனெக்டர் மடல் சொன்னதை நம்பி, ஒழுங்காக, ஐரோப்பிய எழுத்தாகவே மாற்றி எழுதிவிட்டது. தேடல் தளம் அந்தக் குறிகளை எல்லாம் நிறுத்தற்குறி என்று எண்ணி வெட்டிப் போட்டுவிட்டது. பட்டா எங்கே கிடைக்கும்?

நல்லவேளை, இந்த மாற்றம் ஒன்றுக்கு ஒன்று. திரும்பிப் போகலாம். மூல மடலின் பைட்டுகளை எடுத்து, மேல்பாதி எழுத்துகள் அளவுக்கு மீறி இருந்தால் இது டிஸ்கி என்று முடிவு செய்து, லினக்ஸில் இருக்கிற ஐகான்வ் கருவிக்குக் கொடுத்தால் யூனிகோடாக்கித் தரும். அதற்கு டிஸ்கி தெரியும் என்பதே பலருக்குத் தெரியாது. வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது என்பதும் ஒரு விஷயம். டிஸ்கியில் கண்ணால் பார்க்கும் வரிசைதான். கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. கொம்புகளைத் தூக்கி இடம் மாற்றி வைக்கணும். மாற்றிய பிறகும் கொ-வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்றும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்தாகணும். ஸ்ரீ இன்னும் மோசம். 2005-ல் யூனிகோடு 4.1-ல் ஶ என்ற எழுத்து வந்த பிறகு அதை இரண்டு விதமாக எழுதலாம், திரையில் ஒரே உருவம். எங்க அத்தை பேர் ஜெயஸ்ரீ. பாதி மடலில்தான் அகப்பட்டார்.

தேடுபொறியே தமிழை ஒழுங்காக உடைக்கக் கற்றுக்கொண்டது ரொம்பத் தாமதம். லூசீனின் பொது உடைப்பான் முன்பு புள்ளியையும் கால், கொம்புகளையும் எழுத்தாகவே மதிக்காமல் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். அம்மா துண்டு துண்டாகிவிடுவார். யூனிகோடின் சொல் எல்லை விதிகளை ஏற்றுக்கொண்ட 3.1 பதிப்பு 2011 மார்ச்சில் வந்தது. நிலம், நிலத்தை, நிலத்தில் எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள் என்று புரிந்துகொள்ளத் தமிழுக்கென்று ஒரு பகுப்பான் சேர்ந்தது 2021 டிசம்பரில் வந்த ஒன்பதாம் பதிப்பில்.

இத்தனையும் செய்து முடித்து மறுபடி பட்டா என்று தேடினேன். பதினாலு மடல். 2002 ஜூன் மாதத்து ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்த கதையோடு, 1956-ஆம் வருடத்துப் பத்திரத்தின் எண், புல எண், நாலு எல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பேர், எல்லாம் வரிசையாக. ரிஜிஸ்தர் தபால் நோட்டில் எழுதுவது போலவே எழுதியிருக்கிறார். அக்காவுக்கு அனுப்பினேன். மாமா அந்த எண்ணைக் கொடுத்து நகலுக்கு மனுப் போட்டார், நகல் வந்தது. பங்காளிகள் பேச்சு இன்னும் முடியவில்லை, ஆனால் இப்போது பேசுவது காகிதத்தை வைத்துக்கொண்டு.

கிடைக்காததும் உண்டு. ஒன்பது மடல்களில் வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தனக்குப் புரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிவிட்டிருக்கிறது. அதைத் திருப்ப எந்தக் கருவியாலும் ஆகாது. அப்பா எண்களை எப்போதும் ஆங்கில இலக்கத்தில் எழுதுவார் என்பதால் தேதியும் ரூபாயும் மட்டும் அப்படியே நிற்கின்றன. பக்கம் முழுக்கக் கேள்விக்குறி, நடுவில் 1250.

மடலாடற்குழுக்களின் கதை இதைவிடப் பெரிசு. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று நம்மில் பலர் எழுதப் பழகியதே யாஹூ குழுமங்களில். 2019 டிசம்பரில் பழைய மடல்களின் பக்கங்கள் எடுக்கப்பட்டு, 2020 டிசம்பர் 15-ல் குழுமங்களே மூடப்பட்டன. யாராவது உறுப்பினர் தன் பெட்டியில் வைத்திருந்தால்தான் உண்டு, அதிலும் முதல் வருடங்கள் டிஸ்கி.

எல்லாம் கிடைத்த பிறகு ஒரு புது வம்பு. என் பொண்ணு, "அப்பா, தாத்தா மடல் எல்லாத்தையும் நானும் தேடிப் பார்க்கலாமா?" என்றாள். தாத்தா மடல் மட்டும் என்றால் சரி. ஆனால் குழாயில் வந்தது எல்லாம். 2003-ல் அக்காவுக்கும் எனக்கும் நடந்த பணத் தகராறு, தம்பிக்குப் பெண் பார்த்தபோது ஒவ்வொரு ஜாதகத்தைப் பற்றியும் பெரியவர்கள் எழுதியது, அம்மாவின் மருத்துவ அறிக்கைகள். பரணில் கிடந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு சொல் அடித்தால் வந்து நிற்கும் என்றால் கதையே வேறு. இதற்கும் ஒரு முன்கதை உண்டு. என்ரான் 2001 டிசம்பரில் திவாலான பிறகு, விசாரணை நடத்திய அமெரிக்க எரிசக்தி ஆணையம் 2003-ல் அந்த நிறுவனத்தின் மடல்களைப் பொதுவில் போட்டது. ஏறக்குறைய 150 பேருடைய, சுமார் 5 லட்சம் மடல்கள். மோசடி செய்தவர்களோடு சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்கு நண்பரைக் கூப்பிட்டவர்கள், வீட்டுப் பிரச்சினையை எழுதியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கேட்டுக்கொண்ட சிலருடைய மடல்கள் பிறகு நீக்கப்பட்டன. மடல் தேடல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பழகுவது அந்தத் தொகுப்பைத்தான்.

கம்பெனிகளில் இதற்கு வழி, ஒவ்வொரு மடலோடும் யார் யார் பார்க்கலாம் என்கிற பட்டியலையும் சேர்த்து இழுப்பது. தேடும்போது கேட்பவர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அப்படி ஒரு மடல் இருப்பதே தெரியக்கூடாது. எண்ணிக்கையில்கூடத் தெரியக்கூடாது. வீட்டுக்கும் அதையே செய்திருக்கிறேன். அப்பா மூணு பேருக்கும் சேர்த்து எழுதியது பொது. மற்றது அவரவர் கணக்கில் அவரவருக்கு மட்டும். அக்காவிடம் கேட்டதற்கு, "பொதுவுல போடறதையும் நான் ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்றேன், அப்புறம் பசங்களுக்குத் திற" என்றாள். படித்துக்கொண்டிருக்கிறாள். 2004 வரை வந்தாச்சு.

உங்க வீட்டிலும் இப்படிப் பழைய தமிழ் மடல்கள் இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்க. படித்து நகலெடுத்து வேர்டில் ஒட்டாதீங்க. மூல மடலை அப்படியே, தலைப்பு வரிகளோடு சேமியுங்க. பைட்டுகள் கெடாமல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் தமிழாக்கிக்கொள்ளலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்புகள் என்றால் முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் கை வையுங்க.

தம்பி டிசம்பரில் மஸ்கட்டிலிருந்து வருகிறான். அப்பாவின் அந்த 2001-ஆம் வருடத்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க் அவனிடம்தான் இருக்கிறதாம். அனுப்பிய மடல்களின் பிரதி அதில் இருந்தால், அந்த ஒன்பது கேள்விக்குறி மடல்களும் அதில் முழுசாக இருக்கக்கூடும். ஓடுகிறதா என்று பார்க்கணும்.